கீழக்கரை டிசையர், 21,000 கி.மீ. தான் ஓட்டம். டயர் வயச எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மண்டபம்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். இத்தன வருஷம் பைக்கும் பஸ்ஸுமா ஓட்டிட்டேன், அம்மாவுக்கு முழங்கால் ஆபரேசன் ஆனதுல இருந்து மாசத்துக்கு ரெண்டு தடவ மதுரைக்குக் கூட்டிட்டுப் போக வேண்டியிருக்கு, அதனால ஒரு செகண்ட்ஹேண்ட் காரு பாக்குறேன். கீழக்கரையில ஒரு டிசையர் அமைஞ்சிருக்கு. 2016 மார்ச் ரிஜிஸ்ட்ரேசன், டி.என். 65, ஒரே ஓனர், அவுங்க குடும்பத்தோட துபாய்ல. லீவுக்கு வந்தா ஓட்டுறது, மத்த நேரமெல்லாம் வீட்டு வாசல் ஷெட்ல நிக்கிறது. மீட்டர்ல 21,000 சொச்சம். இஞ்சினு, பாடி எல்லாம் மெக்கானிக்கக் கூட்டிட்டுப் போய்ப் பாத்தாச்சு, குறை இல்ல.

டயர்லதான் எனக்கு ஒரு இது. கன்னங்கரேல்னு பளபளன்னு இருக்கு, பட்டன் (ரோட்டுல படுற ரப்பர் மேடு) நெறய இருக்கு. புரோக்கரு "போன வருஷந்தாண்ணே டயரு மாத்துனது"ன்னு சொல்றாரு. பில் கேட்டா ஓனர்ட்ட இருக்குன்னு சொல்றாரு. டயர் எப்ப செஞ்சதுன்னு டயர்லயே இருக்கும்னு யாரோ சொன்னாங்க. எங்க பாக்கணும், எப்படிப் படிக்கணும், தெரிஞ்சவுங்க சொல்லுங்க.

சாயல்குடி சின்னப்பையன்:
அண்ணே டயர் சைடுலயே பெருசா எழுதிருக்கும்ணே. எங்க மாமா வண்டில 165/80 ஆர்14 85டி னு இருக்கு. கடைசில இருக்குற 85 தான் வருஷம்னு நெனைக்கிறேன், ஆனா மாமா வண்டி 2018 மாடலு, அதான் இடிக்கிது 😅

உச்சிப்புளி பஞ்சர்கடை:
தம்பி சின்னப்பையா, நீ சொன்னது சைஸு. 165 அகலம் மில்லிமீட்டர்ல, 80 உயரம் அகலத்துல எத்தன சதவீதம்னு, 14 ரிம்மு இஞ்ச். 85 ங்குறது அந்த டயரு எவ்வளவு பாரம் தாங்கும்ங்குற குறி, 85 னா 515 கிலோ. டி னா 190 கிலோமீட்டர் வேகம் வரைக்கும். வருஷத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

மண்டபம் தம்பி, நீங்க தேட வேண்டியது டி.ஓ.டி. ங்குற மூணு இங்கிலீஷ் எழுத்து. அது பின்னாடியே எழுத்தும் நம்பருமா கலந்து ஒரு வரி போகும், அந்த வரியோட கடைசில ஒரு நீள்வட்டக் குழிக்குள்ள நாலு நம்பர் இருக்கும். அந்த நாலுதான் ஜாதகம். மொத ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். 2719 னு இருந்தா 2019-ல 27-வது வாரம், அதாவது ஜூலை மொத வாரம் செஞ்சது. மொத ரெண்டு நம்பரு 53-க்கு மேல போகவே போகாது, போனா நீங்க வேற எதையோ படிக்கிறீங்கன்னு அர்த்தம். அந்த நாலு நம்பர் மட்டும் ஏன் தனிக் குழில இருக்குன்னா வாராவாரம் மோல்டுல அந்தச் சின்னத் துண்ட மட்டும் கழட்டி மாத்துவாங்க, மத்த எழுத்தெல்லாம் மோல்டோட இருக்குறது.

பாத்துட்டு வந்து நம்பர இங்க போடுங்க. அஞ்சு டயரும். ஸ்டெப்னிய விட்டுறாதீங்க, அதுலதான் பாதி கதை இருக்கும்.

மண்டபம்காரன்:
அண்ணே இன்னிக்கு சாயங்காலம் போயிருந்தேன். டி.ஓ.டி. கண்டுபிடிச்சேன், ஆனா அதுக்கு அப்புறம் எழுத்து கொஞ்சம் இருக்கு, நாலு நம்பரக் காணோம். நாலு டயர்லயும் அப்படித்தான். குழியும் இல்ல. அழிச்சுட்டாங்களோ? வேற எடத்துல ஐ.எஸ். 15633 னு இருக்கு. சி.எம்/எல் னு போட்டு ஒரு ஏழு நம்பர் இருக்கு. 15-வது வாரம், 633... அப்படி வருஷம் வராதே.

உச்சிப்புளி பஞ்சர்கடை:
😀 தம்பி அது ஐ.எஸ்.ஐ. முத்திரை. கார் டயருக்கான இந்தியத் தர நம்பர்தான் 15633, எல்லாக் கார் டயர்லயும் அதே நம்பர்தான் இருக்கும். சி.எம்/எல் லைசென்ஸ் நம்பரு. ரெண்டும் வயசு சொல்லாது.

அழிக்கல. நீங்க வெளிப்பக்கம் மட்டும் பாத்துருக்கீங்க. நெறய டயர்ல ஒரு பக்கம் முழு வரி இருக்கும், இன்னொரு பக்கம் பாதி வரியோட நிறுத்திருவான். நாலு நம்பர் உள்பக்கமா மாட்டிருச்சுன்னா வெளிய இருந்து தலகீழா நின்னாலும் தெரியாது. ஸ்டீரிங்க முழுசா ஒரு பக்கம் ஒடிச்சுட்டு முன் சக்கரத்து உள்பக்கம் டார்ச் அடிச்சுப் பாருங்க. பின் சக்கரத்துக்கு ஒரு சாக்க விரிச்சு வண்டிக்கு அடில படுத்துதான் ஆகணும். இல்லன்னா செல்போன்ல லைட்டப் போட்டு வீடியோ ஆன் பண்ணிக் கைய உள்ள விட்டு டயரச் சுத்தி எடுத்துட்டு வீட்டுல உக்காந்து நிறுத்தி நிறுத்திப் பாருங்க. நான் கடைல இப்ப அப்படித்தான் பண்றேன், இடுப்பு ஒத்துழைக்க மாட்டேங்குது.

அந்தப் பாலிஷையும் ஈரத்துணி போட்டுத் துடைச்சுட்டுப் பாருங்க. பாலிஷ் அடிச்ச டயரும் மேக்கப் போட்ட மாப்பிள்ளையும் ஒண்ணு.

தொண்டி மீன்வண்டி:
இதெல்லாம் தேவையா தலைவா? நான் பதினாலு வருஷமா தொண்டில இருந்து மதுரைக்கு மீன் ஏத்துறேன், ஒரு நாளும் டயர்ல நம்பர் பாத்தது இல்ல. பட்டன் இருந்தா ஓட்டு, இல்லன்னா மாத்து, அம்புட்டுத்தான். எஃப்.சி.ல யாராவது டயரு வயசு கேட்ருக்கானா? பட்டனத்தான் பாப்பான். நம்பர் நம்பருன்னு சொல்றதெல்லாம் டயர் கம்பெனிக்காரன் புது டயர் விக்கிறதுக்குக் கெளப்பி விட்டது. பஸ்ஸு லாரியெல்லாம் ரீபட்டன் போட்டு ரெண்டு தடவ மூணு தடவ ஓடுது, அதுல போறவுங்க எல்லாம் செத்தா போயிட்டாங்க.

கீழக்கரை டு தேரா:
ஸலாம். துபாய்ல இருந்து. மீன்வண்டி காக்கா கோவிச்சுக்காதீங்க, இங்க அஞ்சு வருஷம் தாண்டுன டயரோட வண்டி பாசிங்குக்கு (நம்ம ஊரு எஃப்.சி. மாதிரி) போனா திருப்பி அனுப்பிருவான். பட்டன் புதுசா இருந்தாலும் சரி. சூடு அப்படி. நம்ம ஊரு சூடும் ஒண்ணும் கொறச்சல் இல்லையே.

மண்டபம் தம்பி நீங்க சொல்றதப் படிக்கும்போது எனக்கு வயித்துல புளி கரைக்கிது, ஏன்னா என் வண்டியும் அச்சுல அப்படித்தான் ஊர்ல நிக்கிது. 2018-ல எடுத்தது, வாப்பா வாரத்துக்கு ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணி ஆஃப் பண்ணிருவாக, அவ்வளவுதான். இஞ்சின் ஓடுனாப் போதும்னு நெனைச்சுட்டு இருந்தோம், டயர யாரு யோசிச்சா. (வித்தது என் வண்டி இல்ல, முன்கூட்டியே சொல்லிக்கிறேன் 😄)

கெமிஸ்ட்ரி டீச்சர்:
ராமநாதபுரத்துல காலேஜ்ல கெமிஸ்ட்ரி எடுக்குறேன், கொஞ்சம் உள்ள வரலாமா.

ரப்பர் தேயாம நின்னாலும் சாகும். காத்துல இருக்குற ஓசோன் ரப்பரோட சங்கிலிய அங்கங்க அறுத்து விடும், அதான் டயர் சைடுல பொடிப்பொடியா தலைமுடி மாதிரி வெடிப்பு விழுறது. அதத் தடுக்க டயர் செய்யும்போதே மெழுகும் ஓசோனுக்கு எதிரான ஒரு மருந்தும் கலந்துதான் செய்வாங்க. அந்த மருந்து உள்ள இருந்து கொஞ்சம் கொஞ்சமா மேல வந்து ஒரு படலம் மாதிரி போர்த்திக்கும். சில டயர் சைடுல செம்பழுப்பா ஒரு கறை மாதிரி இருக்கும் பாருங்க, அழுக்குன்னு நெனைச்சுத் தேச்சுக் கழுவுவாங்க, அதான் அந்த மருந்து. இதுல விசேஷம் என்னன்னா டயர் உருண்டு நசுங்கி விரியும்போதுதான் மருந்து மேல நல்லா வரும். ஓடுற வண்டிக்கு அது வந்துகிட்டே இருக்கும், நிக்கிற வண்டிக்கு வராது. அதனால ஷெட்டுல நிக்கிற வண்டி டயர் பத்திரமா இருக்கும்னு நாம நெனைக்கிறது தலகீழ். எண்ணெய்ப் பசை உள்ள பாலிஷ் அடிச்சா இருக்குற மெழுகும் போயிரும்.

இன்னொண்ணு, வெளிய தெரியாதது. உள்ள அழுத்தமா அடச்சு வச்சிருக்கோம்ல காத்து, அதுல அஞ்சுல ஒரு பங்கு ஆக்ஸிஜன். அது சும்மா இருக்காது, உள்பக்கத்துல இருந்து ரப்பருக்குள்ள புகுந்து வெளிய கசியப் பாக்கும், போற வழில கம்பிப் பட்டையச் சுத்தி இருக்குற ரப்பர விறைப்பாக்கிரும். சூடு கூடக் கூட இது வேகமா நடக்கும். அமெரிக்காவுல ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி கணக்க அவுங்க அரசாங்கமே எடுத்துப் போட்ருக்கு, டயர் சம்பந்தமா வந்த க்ளெய்ம்ல 77 சதவீதம் வெயில் அதிகமா உள்ள அஞ்சே மாநிலத்துல இருந்து, அதுல 84 சதவீதம் ஆறு வருஷத்துக்கு மேல ஆன டயர். சித்திரை வெயில்ல நம்ம பட்டணங்காத்தான் ரோட்டுல செருப்பு இல்லாம ரெண்டு எட்டு வச்சுப் பாருங்க, அந்த அஞ்சு மாநிலம் எதுன்னு கேக்க மாட்டீங்க.

தொண்டி மீன்வண்டி:
டீச்சர் சொல்றது புரியுது. அப்ப லாரி பஸ்ஸு எப்படி ஓடுது? அதுக்குப் பதில் சொல்லுங்க.

உச்சிப்புளி பஞ்சர்கடை:
நான் சொல்றேன் மீன்வண்டி. லாரி டயரு ஒரு வருஷம் ஒண்ணரை வருஷத்துல பட்டன் தேஞ்சிரும். ரீபட்டன் போட வரும்போது அந்த டயருக்கு வயசு ரெண்டு இருக்கும், ரெண்டு தடவ போட்டாலும் நாலஞ்சு வருஷத்துல அது கத முடிஞ்சிரும். அது கெழவனாகுறதுக்கு முன்னாடியே ஓஞ்சிரும். அத செய்யும்போதே ரீபட்டனுக்குத் தாங்குற மாதிரிதான் செய்வான். கீழக்கரைல நிக்கிற காரு வருஷத்துக்கு ரெண்டாயிரம் கிலோமீட்டர், அது பட்டன் தேயணும்னா இருபது வருஷம் ஆகும். அதுக்குள்ள ரப்பர் கட்டையாயிரும். லாரி டயர கிலோமீட்டரு கொல்லும், நிக்கிற கார் டயர வருஷம் கொல்லும். உங்க வண்டி தெனமும் ஓடுது, அதனால நீங்க நம்பர் பாக்காமத் தப்பிச்சீங்க. ஆனா உங்க ஸ்டெப்னி ஓடல. அத என்னிக்காவது பாத்தீங்களா?

சாயல்குடி சின்னப்பையன்:
2013-ல ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ் பட நடிகர் பால் வாக்கர் செத்த ஆக்சிடெண்ட்லயும் டயர் ஒன்பது வருஷப் பழசுன்னு படிச்சேன்ணே. போர்ஷே காரு. பட்டன்லாம் இருந்துச்சாம்.

பரமக்குடி பயணி:
படிச்சது சரிதான் தம்பி, ஆனா முழுசாச் சொல்லு. காரணம்னு போலீஸ் மொதல்ல சொன்னது வேகத்தைத்தான். டயர் வயசு கூட ஒரு சேர்மானம். நீ சாயல்குடி ஈ.சி.ஆர்.ல பறக்குற ஆளுன்னு கேள்வி, அதனால சொல்றேன்.

மண்டபம்காரன்:
அண்ணே நம்பர் கெடச்சிருச்சு!! ஞாயித்துக்கெழம காலைல போயிட்டேன். ஓனரோட மாமியார் வீட்டுல இருந்தாங்க, நான் சாக்க விரிச்சு வண்டிக்கடில படுக்குறதப் பாத்துட்டு "என்ன வாப்பா தொலைச்சே"ன்னு கேக்குறாங்க, டயரு பொறந்தநாள் பாக்குறேன்னு சொன்னதும் ஒரு மாதிரி பாத்துட்டு உள்ள போயி டீ கொண்டாந்து குடுத்தாங்க.

முன் ரெண்டும் 0316. பின்னாடி இடது 0316. ஸ்டெப்னி 0316. பின்னாடி வலது மட்டும் 4412. அது கம்பெனியே வேற, பாலிஷ்ல மொதல்ல கவனிக்கல.

நான் புரிஞ்சுக்கிட்டது, 2016 ஜனவரி மூணாவது வாரம் நாலு டயரு, 2012 கடைசில ஒண்ணு. வண்டியே 2016 மார்ச்சு. அப்ப போன வருஷம் மாத்துனது எது?

கீழக்கரை டு தேரா:
யா அல்லாஹ். வண்டிய விட டயரு மூத்தது.

உச்சிப்புளி பஞ்சர்கடை:
புரோக்கர் பொய் சொல்லல தம்பி, டயர் மாத்துனது நெசந்தான். மாத்துனதே பழச எடுத்துட்டு வந்து மாத்திருக்காங்க. 2012 அக்டோபர் கடைசி, நவம்பர் மொத வாரம் அந்தப் பக்கம் செஞ்சது. பன்னெண்டு வருஷம் தாண்டிருச்சு. எங்கயோ எவனோ கழட்டிப் போட்டது, பாலிஷ் அடிச்சு நல்ல டயருன்னு குடுத்துருப்பான். வண்டியப் பாத்துக்குற டிரைவரு வாங்கியிருப்பாரு, ஓனருக்கே தெரியாது, அவுங்க துபாய்ல புது டயருக்குக் காசு அனுப்பிட்டு நிம்மதியா இருப்பாங்க.

ஏன் ஒண்ணு மட்டும் மாத்துனாங்கன்னு என்னால சொல்ல முடியும். சீமக்கருவ முள்ளு. நம்ம பக்கம் வர்ற பஞ்சர்ல பாதி அதுதான், ஆணியெல்லாம் அப்புறம். டியூப்லெஸ்ல முள்ளு ஏறுனா உடனே காத்துப் போகாது, ஒடஞ்சு உள்ளயே நிக்கும், ஒரு வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமா எறங்கும். நிக்கிற வண்டில யாரும் பாக்க மாட்டாங்க. காத்தில்லாத டயரோட ரெண்டு கிலோமீட்டர் எடுத்தாப் போதும், சைடு உள்பக்கம் அரைபட்டுப் பொடியாக் கொட்டிரும், அந்த டயர் அதோட குளோஸ்.

இப்ப இன்னொரு நல்ல சேதி சொல்றேன். ஸ்டெப்னியும் முன் டயரும் ஒரே வாரம், வண்டி ரிஜிஸ்ட்ரேசனுக்கு ரெண்டு மாசம் முந்தி. அப்ப அது கம்பெனி மாட்டி அனுப்புன அதே டயரு. ஒரு பள்ளிக்கூட ஸ்கேல் எடுத்து முன் டயர்ல பட்டனுக்கு நடுவுல இருக்குற குழி ஆழம் எவ்வளவுன்னு பாருங்க. புது கார் டயருக்கு 8 மி.மீ. பக்கம் இருக்கும். 5 மி.மீ. சொச்சம் இருந்தா 21,000 ங்குறது உண்மையா இருக்க வாய்ப்பு. மீட்டரத் திருப்புறவன் டயரையும் சேத்துத் திருப்ப முடியாதுல்ல.

மண்டபம்காரன்:
முன் ரெண்டும் அஞ்சேகால் மாதிரி வருது அண்ணே. பின்னாடி இடது ஆறு. அந்த 4412 அதுவும் ஆறு இருக்கு!

உச்சிப்புளி பஞ்சர்கடை:
அப்ப மீட்டரு சுத்தம். வண்டி நல்ல வண்டி, விட்றாதீங்க.

அந்த 4412 குழிக்குள்ள நகத்த வச்சு அழுத்திப் பாருங்க. நல்ல ரப்பர்னா லேசா அமுங்கித் திரும்பும், கெழ ரப்பரு அப்பளக்கட்டை மாதிரி இருக்கும், நகம்தான் மடியும். குழி அடில, பட்டனுக்கும் பட்டனுக்கும் நடுவுல சின்னச் சின்னக் கோடா வெடிச்சிருக்கும் பாருங்க, சைடு வெடிப்ப விட அது மோசம். ஆறு மி.மீ. சரியா ஆறு மி.மீ.யா இருக்கான்னும் பாருங்க, சில பேரு தேஞ்ச டயர்ல சூட்டுக் கத்தியப் போட்டுக் கோடு வெட்டி ஆழமாக்கிருவான். டயர் ஓரத்துல சின்ன முக்கோணம் இல்லன்னா டி.டபிள்யூ.ஐ. னு இருக்கும், அதுக்கு நேரா குழிக்குள்ள ஒரு சின்ன மேடு இருக்கணும். அந்த மேடு 1.6 மி.மீ. பட்டன் தேஞ்சு அதுக்குச் சமமா வந்தா டயர் முடிஞ்சுதுன்னு அர்த்தம். கோடு வெட்டுறவன் கத்திய ஓட்டும்போது அந்த மேட்டையும் சேத்து வெட்டிருவான். மேடு இல்லன்னா டயர் இல்ல.

மண்டபம்காரன்:
மேடு இருக்கு. ஆனா குழி பூரா வெடிப்புண்ணே, ஜூம் பண்ணிப் பாத்தா காஞ்சு போன கண்மாய் மாதிரி இருக்கு. 0316 டயர்லயும் ஒரு வித்தியாசம் பாத்தேன், இடது பக்க டயருங்க சைடுல நெறய வெடிப்பு, வலது முன் டயரு அம்புட்டு இல்ல. எல்லாம் ஒரே வாரந்தானே?

கெமிஸ்ட்ரி டீச்சர்:
ஷெட்டு எந்தப் பக்கம் பாத்து இருக்கு?

மண்டபம்காரன்:
வண்டி வடக்கப் பாத்து நிக்கும். இடது பக்கம் தொறந்து கெடக்கும். அட, மேக்கு!

கெமிஸ்ட்ரி டீச்சர்:
அதான். தெனமும் மூணு மணில இருந்து பொழுது சாயிற வரைக்கும் இடது பக்க டயருக்கு மட்டும் வெயில். நம்பர் ஒண்ணா இருந்தாலும் வாழ்ந்த வாழ்க்கை வேற. நம்பர் நமக்குச் சொல்றது என்னிக்குப் பொறந்துச்சுன்னு மட்டுந்தான்.

பரமக்குடி பயணி:
என் கருத்து, அந்த 4412-யும் வெடிச்ச இடது ரெண்டையும் தூக்கிட்டு, வலது முன் டயர ஸ்டெப்னில போட்டுட்டு... வேண்டாம் கணக்கு குழப்புது. ரெண்டு புதுசு வாங்கி முன்னாடி போட்டு, முன்னாடி இருந்ததுல நல்லதப் பின்னாடி போட்டு ஓட்டலாம், முன் சக்கரந்தானே இழுக்குது, ஸ்டீரிங்கும் அதுதான்.

உச்சிப்புளி பஞ்சர்கடை:
எல்லாரும் இப்படித்தான் கேக்குறாங்க, என் கடைலயும் தெனம் சண்டை. ரெண்டு மட்டும் வாங்குனா புதுசு பின்னாடி போடணும். மழைல முன் டயரு வழுக்குனா வண்டி நேராப் போகும், ஆக்ஸிலேட்டர விட்டாப் பிடிச்சுக்கும், நமக்கும் கைல தெரியும். பின் டயரு வழுக்குனா வண்டி பம்பரம். பாம்பன் பாலத்து மேல ஐப்பசி மாசம் பக்கவாட்டுல காத்து அடிக்கும்போது பின்பக்கம் வழுக்குனா என்ன ஆகும்னு யோசிச்சுக்கங்க.

ஆனா மண்டபம் தம்பிக்கு நான் ரெண்டு சொல்ல மாட்டேன், நாலும் மாத்துங்க. ஒன்பது வருஷம் ஆச்சு. சில கார் கம்பெனி ஆறு வருஷத்துலயே மாத்தச் சொல்லுது. டயர் கம்பெனில மிச்சலின் அஞ்சு வருஷத்துக்கு மேல ஆனா வருஷாவருஷம் செக் பண்ணு, பத்து வருஷம் ஆனா பட்டன் எம்புட்டு இருந்தாலும் கழட்டுன்னு சொல்றான். அவன் சொல்ற பத்து குளுகுளுன்னு இருக்குற ஊருக்கும் சேத்து. நம்ம ஊருக்கு நான் ஆறு, நல்லா வச்சிருந்தா ஏழு, அதுக்கு மேல அம்மாவ உக்கார வச்சு மதுரை நாலு வழிச் சாலைல 100-ல போறதுக்குச் சரி வராது. ஸ்டெப்னி 0316 இருக்கட்டும், ஆத்திர அவசரத்துக்கு மெதுவாப் பஞ்சர்கடை வரைக்கும் போக.

புது டயரு வாங்கும்போதும் மாட்டுறதுக்கு முன்னாடி நாலு நம்பரப் பாருங்க. ஆறு மாசம், எட்டு மாசம் ஆனது ஒண்ணும் பண்ணாது. ரெண்டு வருஷம் குடோன்ல கெடந்தத எடுத்து நீட்டுனா வேற குடுன்னு கேளுங்க, கேட்டா உள்ள இருந்து எடுத்துட்டு வருவான். வால்வையும் மாத்தச் சொல்லுங்க, அதுவும் ரப்பர்தான், டயரு மாத்தும்போது அம்பது நூறு ரூபாய்க்குப் பாத்து அத விட்டுட்டு அப்புறம் காத்து எறங்குதுன்னு வருவாங்க.

மாட்டுறப்போ நாலு நம்பர் இருக்குற பக்கம் வெளிய வர்ற மாதிரி மாட்டச் சொல்லுங்க, திசை பாத்து மாட்டுற டயரா இல்லன்னா. அடுத்த தடவ படுக்க வேண்டாம்.

மண்டபம்காரன்:
ரொம்ப நன்றிண்ணே. இங்க மண்டபத்துல இன்னொரு தொல்லை சொல்றாங்களே, உப்புக்காத்து. அது டயரத் திங்குமா?

உச்சிப்புளி பஞ்சர்கடை:
டயர விட ரிம்மத்தான் திங்கும். டயரும் ரிம்மும் ஒட்டி உக்காருற உதட்டுல துரு பொரிஞ்சு மேடு கட்டிரும், அந்த இடுக்குல காத்து மெதுவாக் கசியும். தண்ணித் தொட்டில முக்குனாதான் மணிமணியா வரும். தனுஷ்கோடி, அரிச்சல்முனை வரைக்கும் அடிக்கடி போற டூரிஸ்ட் வண்டிக்காரங்க எல்லாம் இதுக்குத்தான் வருவாங்க, பஞ்சர் இல்ல, ஆனா காத்து நிக்க மாட்டேங்குதுன்னு. டயர் கழட்டும்போது அந்த உதட்ட உப்புத்தாள் போட்டுச் சுத்தம் பண்ணி மாட்டச் சொல்லுங்க. டயர்ல ஆழமா வெட்டு விழுந்து உள்ள கம்பி தெரிஞ்சா அப்ப உப்பு அதையும் விடாது.

கீழக்கரை டு தேரா:
அண்ணே நான் என் வண்டிக்கு என்ன பண்றது? வாப்பாட்ட என்ன சொல்லட்டும்?

உச்சிப்புளி பஞ்சர்கடை:
வாப்பாவ வெறும் ஸ்டார்ட் பண்ண வேண்டாம்னு சொல்லுங்க, வாரத்துக்கு ஒரு தடவ ஏர்வாடி வரைக்கும் ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வரச் சொல்லுங்க, டீச்சர் சொன்ன மருந்து மேல வரட்டும், இஞ்சினுக்கும் நல்லது. ஒரே எடத்துல நின்னா டயரு அடில தட்டையாயிரும், ஓட்டும்போது டக்கு டக்குன்னு அதிரும். மாசம் ஒரு தடவ காத்து. வெயில் படுற பக்கம் டயருக்கு ஒரு சாக்கு மறைச்சாக்கூடப் போதும். 2018 வண்டின்னா எப்படியும் டயருக்கு நேரம் வந்தாச்சு, அடுத்த லீவுக்கு வரும்போது பாத்துக்கங்க.

கெமிஸ்ட்ரி டீச்சர்:
ஷெட்டுக்குள்ள தண்ணி மோட்டாரோ வெல்டிங் மெஷினோ ஓடுச்சுன்னா டயர அது பக்கத்துல வைக்காதீங்க, அதுல வர்ற பொறில ஓசோன் உண்டாகும். நைட்ரஜன் அடிக்கலாமான்னு யாராவது கேப்பீங்க. உள்ள இருந்து அரிக்கிறது கொறையும், வெயிலுக்கும் வெளிய இருக்குற ஓசோனுக்கும் அது ஒண்ணும் செய்யாது.

சாயல்குடி சின்னப்பையன்:
எங்க பெரியப்பா வீட்டு மாட்டுக் கொட்டாய்ல ஒரு பழைய டயரு இருக்குண்ணே, அதுல மூணே நம்பர்தான் இருக்கு, 348 னு. அது என்ன கணக்கு?

உச்சிப்புளி பஞ்சர்கடை:
மூணு நம்பருன்னா 2000-க்கு முன்னாடி செஞ்சது தம்பி. 34-வது வாரம், 8-ல முடியுற வருஷம். 88-ஆ 98-ஆங்குறது தொண்ணூறுகள்ல செஞ்சதா இருந்தா சிலதுல பக்கத்துல ஒரு குட்டி முக்கோணம் இருக்கும், அத வச்சுச் சொல்லலாம். எதுவா இருந்தாலும் உன்ன விட மூத்தது, மரியாதையா நடந்துக்க. மாடு கட்ட வச்சுக்க, வண்டில மாட்டிறாத.

மண்டபம்காரன்:
ரெண்டு வாரம் ஆச்சு, என்ன ஆச்சுன்னு சொல்லிட்டுப் போறேன்.

புரோக்கர்ட்ட அஞ்சு நம்பரையும் ஒரு தாள்ல எழுதிக் காட்டுனேன். மொதல்ல "டயர்ல நம்பரெல்லாம் பாப்பாங்களாண்ணே"ன்னு சிரிச்சாரு. அப்புறம் துபாய்க்கு ஓனர்ட்டயே வாட்ஸ்ஆப்ல போட்டோ அனுப்பிட்டேன், அந்த அக்கா அன்னிக்கு ராத்திரியே கூப்பிட்டாங்க, போன வருஷம் டிரைவர் கேட்டு ரெண்டு புது டயருக்குப் பணம் அனுப்புனதா சொன்னாங்க. ரெண்டு! நான் ஒண்ணும் பேசல, அது அவுங்க வீட்டு விவகாரம். நாலு டயரு காச வெலைல கழிச்சுக்கிட்டாங்க. ராமநாதபுரத்துல நாலும் புதுசு மாட்டியாச்சு, மாட்டுறதுக்கு முன்னாடி நம்பர் பாத்தேன், மூணு ஒரே மாசம், ஒண்ணு மட்டும் ஒரு வருஷத்துக்கு மேல பழசு, மாத்திக் கேட்டேன், அண்ணன் சொன்ன மாதிரியே உள்ள இருந்து வந்துச்சு.

கடைல பழைய நாலையும் குடுத்துட்டுப் போங்க, கொஞ்சம் கழிச்சுக்கிறோம்னாங்க. மத்த மூணையும் குடுத்தேன். அந்த 4412-ஐ மட்டும் குடுக்க மனசு வரல, திரும்பப் பாலிஷ் போட்டு எவனோ ஒருத்தன் அம்மாவக் கூட்டிட்டுப் போற வண்டில ஏறிரும்னு தோணுச்சு. டிக்கில போட்டுக் கொண்டாந்து பாம்பன்ல மச்சான்ட்ட குடுத்துட்டேன். இப்ப அவன் வல்லத்துல எடப்பக்கம் கயித்துல தொங்குது, படகுத்துறைல மோதாம இருக்குறதுக்கு.

தொண்டி மீன்வண்டி:
உச்சிப்புளி அண்ணே, நீங்க கேட்ட கேள்வி ஒரு மாதிரி உறுத்திக்கிட்டே இருந்துச்சு. இன்னிக்கு லோடு எறக்கிட்டு ஸ்டெப்னியக் கழட்டி ரெண்டு பக்கமும் பாத்தேன். டி.ஓ.டி. இருக்கு, வரி இருக்கு, குழியும் இருக்கு. குழிக்குள்ள நம்பர் இல்ல. கிரைண்டர் வச்சு இழைச்ச மாதிரி வழுவழுன்னு இருக்கு.

உச்சிப்புளி பஞ்சர்கடை:
எப்ப வாங்குனது?

தொண்டி மீன்வண்டி:
நாலு வருஷம் இருக்கும். செகண்ட்ஸ்தான். நல்ல டயருன்னு சொல்லித்தான் குடுத்தான்.

உச்சிப்புளி பஞ்சர்கடை:
நாளைக்கு மதுரை போகும்போது அத ஏத்திட்டுப் போகாதீங்க. எங்கிட்ட ஒண்ணு 2123 கெடக்கு, வந்து எடுத்துட்டுப் போங்க, காசு அப்புறம் பாத்துக்கலாம்.